எங்கள் ஊரைக் காட்டுக்குள் போட்ட படம்

முதிரையடி, நெடுங்கேணி.
2025 யூலை 6

கொழும்பில் இருந்து காணிப்படம் கீறும் மச்சாள் கிருசாந்திக்கு,

சுகமா என்று கேட்க மனம் வரவில்லை. அதனால் கேட்கவில்லை.

"நீ கீறிய படத்தைப் பார்த்தேன்" என்று ஒரு வரி அனுப்பினேன். அன்றிலிருந்து நீ அழைக்கிறாய், நான் துண்டிக்கிறேன். போனில் கதைத்தால் கத்துவேன். கத்தியதை நீ மறந்துவிடுவாய். கடிதம் என்றால் உன் கையில் கிடக்கும், நேரம் கிடைக்கும்போதெல்லாம் எடுத்து வாசித்து வெட்கப்படலாம்.

செவ்வாய்க்கிழமை கிராம சேவகர் விதானையார் வந்தார். செப்ரெம்பர் பதினெட்டாம் திகதி காணிக் கச்சேரி, அன்றைக்குத்தான் எங்கள் பகுதிக்குப் பெர்மிட் கொடுக்கப்போகிறார்கள் என்று போன மாதம் சந்தோசமாகச் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். இந்த முறை வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். "பிள்ளை, உங்கட காணியும் பக்கத்துக் காணியும் அரசாங்கத் தேக்கந்தோட்டத்துக்குள்ள போயிட்டுது. கொழும்பில இருந்து புதுப் படம் வந்திருக்கு. காட்டுக் காணிக்குப் பெர்மிட் குடுக்கேலாது" என்றார். படத்தை விரித்தும் காட்டினார். எங்கள் வீடு, கிணறு, மூன்று ஏக்கர் எல்லாம் ஒரே பச்சை. கீழே சின்ன எழுத்தில், தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர்.

மெனிக் பாம் முகாமிலிருந்து ஒரு தறப்பாளோடு வந்து இறங்கிப் பதினைந்து வருசமாகிறது. பற்றை வெட்டினோம், கிணறு இறைத்தோம், கல்வீடு கட்டினோம். எங்களிடம் இல்லாதது ஒரு துண்டுப் பேப்பர் மட்டும்தான். அது கைக்கு வர இரண்டரை மாதம் இருக்கும்போது நீ பச்சை பூசிவிட்டாய். என் மனுசன் ரூபன் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. "சொந்தக்காரி கீறின படமெண்டு வெளியில சொல்லிப்போடாதை" என்று மட்டும் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஒரு கேள்விதான். இதை மாற்றலாமா, ஏலாதா?

சுமித்திரா


கொழும்பு 6
2025 யூலை 14

அன்புள்ள சுமி,

உன் கடிதம் கிடைத்தது. முதலில் ஒன்றைச் சொல்கிறேன். அது வரைவுப் படம்தான். ஓகஸ்ட் 31 வரை ஆட்சேபம் அனுப்பலாம்.

ஏன் இந்தப் படம் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பழைய எல்லைப் படம் எண்பதுகளில் கையால் கீறியது. சில இடங்களில் முந்நூறு மீற்றர் தள்ளியிருக்கிறது. ஒரு இடத்தில் குளத்துக்கு நடுவே தேக்கு நிற்பதாகக் காட்டுகிறது. அதைத் திருத்தத்தான் அரசாங்கம் எங்கள் நிறுவனத்திடம் வேலை தந்தது. வானத்தில் சுற்றும் செய்மதி ஐந்து நாளுக்கு ஒருமுறை படம் எடுக்கிறது. அந்தப் படத்தில் ஒவ்வொரு சதுரமும் பத்து மீற்றர். கோடையில் தேக்கு இலை உதிர்த்து மண்ணிறமாகும், பக்கத்துக் காடு பச்சையாகவே நிற்கும். இது தேக்கு, இது காடு, இது வயல், இது குடிமனை என்று நாங்கள் சில இடங்களை மாதிரியாகக் காட்டினால், மீதியைக் கணினி தானே பிரித்துத் தருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரியாக வந்திருக்கிறது. இந்தப் படத்தால் நான்கு ஊர்களின் வயல்கள் காட்டிலிருந்து வெளியே வந்திருக்கின்றன. அதையும் நீ பார்க்க வேண்டும்.

உன் காணியில் தேக்கு நிற்பதாகக் கணினி சொல்கிறது. நிற்கிறதா, இல்லையா? அதைச் சரியாக எழுது. பிறகு பார்க்கலாம்.

ரூபன் அண்ணையைச் சாப்பிடச் சொல்லு.

கிருசாந்தி


முதிரையடி
2025 யூலை 20

மச்சாளுக்கு,

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று சரி என்றால், மிச்சம் ஒன்பதுக்குள் நாங்கள் குடியிருக்கிறோம். எங்களுக்குத் தொண்ணூற்றொன்றால் என்ன லாபம்?

நீ கேட்ட கேள்வியைப் பிறகு பார்ப்போம். என் கேள்வி முதலில். விதானையாரிடம் படத்தோடு ஒரு அட்டவணையும் இருக்கிறது. கணினிக்குக் காட்டிய மாதிரி இடங்களின் பட்டியலாம். அதில் நாற்பத்தோராவது இடம் எங்கள் வளவுக்குப் பின்பக்கம். நேரே "களத்தில் பார்த்தது, மார்ச் 12" என்று போட்டிருக்கிறது. மார்ச் 12 நான் வீட்டில்தான் இருந்தேன், முற்றத்தில் கச்சான் கடலை காயப்போட்டுக்கொண்டு. யார் வந்தது? நீ வந்திருந்தால் ஒரு தேத்தண்ணியாவது குடித்துவிட்டுப் போயிருப்பாய். வேறு யாராவது வந்திருந்தால் எங்கள் நாய் விட்டிருக்காது.

வேலி பயிரை மேய்ந்தால் எங்கே போய்ச் சொல்வது? உண்மையை எழுது கிருசாந்தி. முகாமில் ஒரே தறப்பாளுக்குக் கீழே ஒரே விளக்கில் படித்தவர்கள் நாங்கள். உன் பொய் எனக்கு எழுத்திலும் தெரியும்.

சுமித்திரா


கொழும்பு 6
2025 யூலை 29

சுமி,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன்.

மார்ச் 12 ஒருவரும் வரவில்லை. அந்த இடத்தை நான்தான் இங்கே அலுவலகக் கதிரையில் இருந்தபடி குறித்தேன். நாங்கள் எழுபது இடங்களைக் களத்தில் பார்க்க வேண்டியிருந்தது. செட்டிகுளம் போனேன், எனக்குப் பெயரே தெரியாத குளங்களுக்கெல்லாம் உழவு இயந்திரத்தில் தொங்கிக்கொண்டு போனேன். போகாத ஒரே இடம் எங்கள் ஊர். தெரிந்த ஊர்தானே, மாமா வீட்டுக்குப் பின்னால் தேக்கு நிற்பது எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். படத்திலும் அங்கே தேக்கு வரிசை வரிசையாகத் தெரிந்தது. "களத்தில் பார்த்தது" என்று போட்டுவிட்டேன்.

இதுவும் முழு உண்மையில்லை. வரப் பயந்தேன். அப்பா போன பிறகு, அம்மா கனடாவுக்கு அண்ணாவிடம் போன பிறகு, அந்தக் காணியை நான் பார்க்கவேயில்லை. விதானையார் சொன்ன "பக்கத்துக் காணி" எங்களுடையதுதானே. படத்தில் வீடு இருந்த இடத்தைத் தேடினேன், கிணற்றைத் தேடினேன். மரம் மட்டும்தான் தெரிந்தது. காடாகிவிட்டது, இனிக் காட்டோடு போகட்டும் என்று என் கையாலேயே எல்லைக்கோட்டை இழுத்து எங்கள் காணியை உள்ளே தள்ளினேன். உன்னுடையதும் சேர்ந்து போகும் என்று யோசிக்கவில்லை.

எங்கள் பணிப்பாளரிடம் இதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகலாம். சொல்லாமல் கோட்டை மட்டும் மாற்றினால், சொந்தக்காரிக்காக மாற்றினாள் என்று நாளைக்கு யாராவது உன் பெர்மிட்டையே பிடுங்குவார்கள். ஆகவே சொல்லத்தான் வேண்டும். ஆனால் சும்மா போய்ச் சொல்ல முடியாது. தோட்டம் உண்மையில் எங்கே தொடங்குகிறது என்பதற்கு எனக்கு ஆதாரம் வேண்டும். உன் வளவில் தேக்கு நிற்கிறதா என்பதும் தெரிய வேண்டும். என்னைத் திட்டிக்கொண்டே எழுது, பரவாயில்லை.

கிருசாந்தி


முதிரையடி
2025 ஓகஸ்ட் 5

கிருசாந்தி,

நன்றாகத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். ரூபன் வாசித்துவிட்டு, "அவள் பாவம், ஒளிக்காமல் எழுதியிருக்கிறாளப்பா. நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னனியோ?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஓம், தேக்கு நிற்கிறது. முதலே சொல்லியிருக்க வேண்டும். சொந்த வளவில் தேக்கு நின்றாலும் வெட்ட ஒரு அனுமதி, ஏற்ற ஒரு அனுமதி என்று அலைய வேண்டும். அதனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லையே ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. நட்டது அப்பா. எண்பதுகளில் தேக்கந்தோட்டத்தில் கூலிக்குக் கன்று நட்டவர் என்று உனக்குத் தெரியும். 2011 மாரியில் வளவின் பின்பக்கம் முழுக்க நட்டார். அவருக்கு வேறு விதமாக நடத் தெரியாது. எட்டடிக்கு எட்டடி கயிறு பிடித்து, அரசாங்கத் தோட்டத்தில் நட்டது போலவே நட்டார். செய்மதி என்ன செய்யும், பாவம்.

இனிச் சொல்லப்போவதை இருந்துகொண்டு வாசி. உங்கள் காணி காடாகவில்லை. அதிலும் அப்பாதான் நட்டார், ஒரு மூலை விடாமல். "வெறுங்காணி கிடந்தால் கண்டவனும் எல்லைக்கல் போடுவான். அக்காவின்ர காணி. ஆக்கள் வருமட்டும் மரம் நிக்கட்டும்" என்றார். ஆள் உள்ள காணி மாதிரித் தெரியட்டும் என்று நட்டது. கடைசியில் அரசாங்கக் காணி மாதிரித் தெரிந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதை. சாகும் வரை கோடையில் ஒரு நாள் கத்தியோடு போய் உங்கள் கிணற்றடியைப் புல்லுச் செதுக்கிவிட்டு வருவார். இதை உனக்குச் சொல்லாமல் விட்டதற்கு எனக்குக் காரணமே இல்லை. வந்தால் நேரில் காட்டலாம் என்று இருந்தேன், நீ வரவேயில்லை.

இனி உன் ஆதாரத்துக்கு வருவோம். காடு எங்கே தொடங்குகிறது என்று கேட்க உனக்கு வெட்கமில்லையா? காட்டுக்குள் போகும்போது எங்கே நின்று குழை முறித்தோம்? ஐயனாரை நினைத்து ஒரு கொப்பு முறித்துப் போட்டுவிட்டுத்தானே உள்ளே கால் வைப்போம். ஒவ்வொரு பாதைக்கும் ஒரு மரம் இருக்கிறது. எல்லாமாக ஏழு, ஏழும் பெரிய பாலை மரங்கள். தோட்டத்துக்குக் காடு வெட்டியபோது அந்த மரங்களில் கோடாலி வைக்க ஒருவரும் துணியவில்லையாம். அதனால் தேக்கின் முதல் வரிசை அவற்றுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது. இது அப்பா சொன்னது.

நேற்று நானும் ரூபனும் ஏழு மரத்தடிக்கும் போனோம். ஒவ்வொன்றின் கீழும் நின்று போனில் இடம் குறித்திருக்கிறேன். எண்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் வேலியில் இருந்து கிட்டடி மரத்துக்கு எண்ணி நடந்தேன், நானூற்றுப் பன்னிரண்டு எட்டு. என் எட்டு, ரூபனுடையது இல்லை.

சுமித்திரா


கொழும்பு 6
2025 ஓகஸ்ட் 17

என் சுமி,

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்து வாசித்தது பிழை. கிணற்றடியைச் செதுக்கிய இடத்தில் அழுதுவிட்டேன். பக்கத்து மேசையில் இருக்கும் அனோஜன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

மாமா நட்டதை நான் காடு என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

வேலையைச் சொல்கிறேன். உன் ஏழு எண்களையும் போன ஆவணிப் படத்தில் போட்டுப் பார்த்தேன். தேக்கு முழுவதும் இலையில்லாமல் மண்ணிறமாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில், நீ குறித்த ஏழு இடத்திலும், ஏழு பச்சைச் சதுரங்கள்! பாலை கோடையிலும் இலை உதிர்க்காதே. அவ்வளவு பெரிய மரங்களைச் செய்மதி முதலிலேயே கண்டிருக்கிறது. அழித்தது நாங்கள்தான். தனியாக நிற்கும் சதுரங்களைப் பிசிறு என்று எடுத்துக்கொண்டு, படத்தைத் துப்புரவாக்கும்போது சுற்றியுள்ள நிறத்தோடு கலந்துவிடுவோம். உன் வீட்டுக் கூரையும் அப்படித்தான் போயிற்று.

இன்னொன்றும் செய்தேன். 2013ஆம் ஆண்டுப் படம் ஒன்றைத் தேடி எடுத்தேன். மங்கலான படம்தான். ஆனால் அதில் தோட்டம் முற்றிய மரமாகத் தெரிகிறது, மாமாவின் கன்றுகள் அப்போது சின்னன் என்பதால் உன் வளவும் எங்கள் காணியும் வெறும் மண்ணாகத் தெரிகின்றன. எண்பதுகளில் நட்ட தோட்டத்துக்குள் அவை இருந்திருக்க முடியாது. இதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

நேற்று முன்தினம் பணிப்பாளரிடம் போனேன். போகாமலே களத்தில் பார்த்ததாக எழுதினேன், அதில் ஒரு காணி என் குடும்பத்துடையது, மற்றது மச்சாளுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வரைவில் இருக்கும்போதே சொன்னீர்களே, இறுதிப் படம் வந்த பிறகு சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்?" என்றார். வேலை போகவில்லை. ஆனால் அந்தப் பகுதியின் பொறுப்பு இனி என்னிடம் இல்லை. அனோஜன் வந்து தன் கண்ணால் பார்த்து எழுதுவான். அதுதான் சரி. அவன் எங்கள் பக்கம், நெளுக்குளத்துப் பிள்ளை, பயப்படாதே.

சொன்ன பிறகு பசித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

கிருசாந்தி


முதிரையடி
2025 ஓகஸ்ட் 28

மச்சாள்,

உன் அனோஜன் செவ்வாய்க்கிழமை வந்து போனார். இடம் குறிக்கும் ஒரு சின்னப் பெட்டியைக் கம்பில் மாட்டிக்கொண்டு எங்கள் வளவு, உங்கள் காணி, ஏழு மரம் எல்லாம் நடந்தார். எங்கள் தேக்கைக் கட்டிப் பிடித்து நாடாவால் சுற்றளவு பார்த்தார், தோட்டத்துத் தேக்கையும் பார்த்தார். "அது கிழவன், இது குமரன்" என்று எழுதிக்கொண்டார். தோட்டத்துக்குள் போகும்போது ஒருவரும் சொல்லாமலே தானாக ஒரு கொப்பு முறித்துப் போட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு அப்போதே பாதிப் பயம் போய்விட்டது.

வாயைத் திறந்து முடிவு சொல்லவில்லை. "அக்கா, நான் பாத்ததை எழுதுவன். அவ்வளவுதான் சொல்லலாம்" என்றார். எழுதட்டும். பார்த்ததை எழுத ஒருவர் வந்ததே பெரிய காரியம். கோழி அடித்துச் சோறு கொடுத்தோம், மறுக்காமல் சாப்பிட்டார்.

ஆட்சேபக் கடிதத்தை விதானையாரிடம் கொடுத்துவிட்டேன். இனி முருகன் விட்ட வழி.

சுமித்திரா


கொழும்பு 6
2025 செப்ரெம்பர் 8

சுமி,

கடிதம் மூன்று நாள் எடுக்கும் என்று தெரியும். ஆனாலும் போனில் சொல்ல விருப்பமில்லை. இதை நீ எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை இறுதிப் படம் வெளியானது. முதிரையடியில் தோட்டத்தின் எல்லை ஏழு பாலை மரங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. உன் காணி வெளியே. எங்கள் காணியும் வெளியே. தயாரித்தவர் என்ற இடத்தில் அனோஜனின் பெயர் இருக்கிறது, எனக்கு அதில் ஒரு மனவருத்தமும் இல்லை.

பிரதேச செயலகத்துக்கும் பிரதி போய்விட்டது. பட்டியலில் உன் பெயர் திரும்ப வந்துவிட்டதா என்று விதானையாரிடம் கேட்டுப் பார். அதுவரைக்கும் எனக்கு நித்திரை அரைகுறைதான்.

கிருசாந்தி


முதிரையடி
2025 செப்ரெம்பர் 19

என் அருமை மச்சாள்,

கிடைத்துவிட்டது! நேற்றுப் பதினொன்றரை மணிக்கு, "ரூபன் சுமித்திரா" என்று கூப்பிட்டார்கள். எழும்பி நடந்ததுதான் தெரியும். கையெழுத்து வைக்கும்போது என் பெயரையே பிழையாக எழுதி வெட்டி எழுதினேன். ரூபன் வாசலில் நின்று, எல்லோருக்கும் முன்னால், சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். இப்போது அவரே ஊருக்கெல்லாம், "என்ர மனுசியின்ர மச்சாள் கீறின படம்" என்று சொல்லித் திரிகிறார். நான் திருத்தவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், விடு.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக இல்லை. ஒரு வேலை செய்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்தேன்.

என் பெர்மிட்டைத் தந்த பிறகு அந்த அதிகாரி அம்மா படத்தைப் பார்த்து, "பக்கத்துக் காணி ஆருடையது? ஆக்கள் இருக்கினமோ?" என்று கேட்டா. விதானையார், "ஒருத்தரும் இல்லை, ஊரை விட்டுப் போயிட்டினம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். பின்வரிசையில் ஒருவர், "எனக்குத் தாங்கோ அம்மா, நான் காணியில்லாத ஆள்" என்று கையை உயர்த்தினார். அவரிலும் பிழையில்லை. அந்த அம்மா எழுதப்போனா. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழும்பிவிட்டேன்.

"ஆள் இருக்கு. என்ர மச்சாள், கிருசாந்தி. கொழும்பில வேலை செய்யிறா" என்றேன்.

"காணிக்கு வாறவவோ?"

"ஓம், வாறவ."

பொய் சொன்னேன் கிருசாந்தி. அத்தனை பேருக்கு முன்னால். அந்த அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "அப்ப இம்மாதம் முப்பதாம் திகதி நேரில வரச் சொல்லுங்கோ. வராட்டி அவருக்குத்தான்" என்று சொல்லி, தாளின் ஓரத்தில் உன் பெயரை எழுதினா.

நீ அந்தக் காணியைப் பார்க்கப் பயப்படுகிறாய் என்று எழுதியது எனக்கு மறக்கவில்லை. வரச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். அந்த மனுசனுக்கும் நான்கு பிள்ளைகள். நீ வராவிட்டால் மரங்களோடு அவருக்குப் போகும், அவரும் நல்ல மனுசன்தான். ஆனால் நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். சொன்னதை இனி நான் ஒருத்தி மெய்யாக்க ஏலாது.

சுமித்திரா


கொழும்பு 6
2025 செப்ரெம்பர் 23

சுமி,

இருபத்தொன்பதாம் திகதி காலை ரயிலில் வவுனியாவுக்கு வருகிறேன். அங்கிருந்து நெடுங்கேணி பஸ் பிடிப்பேன். ரூபன் அண்ணையை றோட்டுக்கு வந்து நிற்கச் சொல்லு, இறங்கும் இடம் எனக்கு மறந்துவிட்டது. அம்மாவிடம் நேற்றுக் கதைத்தேன். மாமா மரம் நட்டதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டா. அரை மணித்தியாலம் கழித்துத் திரும்ப எடுத்து, அப்பாவின் பழைய பெர்மிட் இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்னா. அப்பா போனதிலிருந்து பதினாறு வருசமாக அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறா.

பயம் போகவில்லை. பயத்தோடேதான் வருகிறேன்.

விடுமுறைப் படிவத்தோடு பணிப்பாளரிடம் போனேன். நெடுங்கேணி என்று கண்டதும் கையெழுத்து வைக்காமல் நிமிர்ந்து, "கள வேலைக்கா?" என்று கேட்டார்.

"இல்லை சேர், வீட்டுக்கு" என்றேன்.

வெளியே வந்த பிறகுதான் அங்கே வீடே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்த் திருத்தவில்லை.

கிருசாந்தி